சாவி எங்கடா?

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்ததுதான். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அடையாறு முடிச்சூருக்குள் வந்துவிட்டது. தண்ணீர் எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பைத் தொட்டபோது மொட்டை மாடிக்கு ஏறினோம். இறங்கி வர நான்கு நாளானது. வீடு முழுக்கக் கணுக்கால் அளவு சேறு. அம்மா அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா நேராகப் படிக்கட்டுக்கு அடியில் போனார். அங்கேதான் அவருடைய தகரப் பெட்டி இருந்தது.

பெட்டிக்குள் இரண்டு டிரில்லிங் மெஷின்கள். ஒன்று அப்பாவுடையது. கிண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தபோது வாங்கியது, என்னைவிட வயதில் மூத்தது, அலுமினிய உடம்பு, தூக்கினால் தோள் இறங்கும். இன்னொன்று நான் வாங்கியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெருங்குடியில் வேலைக்குச் சேர்ந்து, வாடகை வீட்டில் அலமாரி மாட்ட வேண்டும் என்ற சாக்கில் வாங்கிய ஆசை. இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் மூக்கில் இருந்தது. டிரில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் அந்த மூக்குக்குச் சக் என்று பெயர். அப்பாவுடைய சக்கை இறுக்க ஒரு சாவி வேண்டும். என்னுடையதற்கு வேண்டாம். கையால் திருகினால் போதும். அதைக் காட்டித்தான் அவரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மோட்டாரையும் மேற்குத் தாம்பரத்தில் காயில் கட்டும் ஒருவரிடம் கொடுத்து, காயவைத்து, வார்னிஷ் அடித்து வாங்கினோம். சக் இரண்டும் அப்பாவின் வேலை. தன்னுடையதை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார். காலையில் பிரஷ் போட்டுத் தேய்த்தார். "சாவி எங்கடா?" என்றார். கொடுத்தேன். சேறு கரகரத்தது, நின்றது, பிறகு இளகிச் சுற்றியது. மூன்று தாடைகளும் ஒரு பூ விரிவதுபோல் வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தன. என்னுடைய சக் அசையவே இல்லை. இரண்டு கையாலும் திருகினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"உனக்குத்தான் சாவியே வேணாமே" என்றார் அப்பா. அதில் கேலி இருந்தது. வேறு ஒன்றும் இருந்தது. அது என்னவென்று புரிய எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

*

பிடிப்பது எப்படி என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் மிகப் பழையது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை தாண்டினால் பல்லாவரம். 1863 மே 30-ஆம் தேதி அங்கே சரளைக் கல் தோண்டிய ஒரு பள்ளத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். பள்ளிப் புத்தகத்தில் அதைக் கைக்கோடரி என்று படித்திருப்பீர்கள். பெயரைக் கவனியுங்கள். அந்தக் கோடரிக்குக் காம்பு கிடையாது. உள்ளங்கைதான் காம்பு.

அதே 1863-இல், ஃபூட் கல்லைக் குனிந்து எடுப்பதற்கு ஐம்பத்து மூன்று நாள் முன்னால், ஏப்ரல் 7-ஆம் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் முறுக்கு டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஹார்டுவேர் கடையில் பிட் என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்களே, உடம்பில் இரண்டு வாய்க்கால் முறுக்கி ஓடும் அந்தக் குச்சி, அதுதான். அதற்கு முன்பு இரும்பில் ஓட்டை போட்டது தட்டையான, முனை தீட்டிய பட்டைக் கம்பிகள். சீவல் வெளியே வர வழி கிடையாது. அடிக்கடி நிறுத்தித் துடைக்க வேண்டும். முறுக்கு, சீவலைத் தானே மேலே ஏற்றிக் கொண்டுவந்தது.

ஓட்டை போடுவது நமக்குப் புதிதில்லை. நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியபோது சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல் மணிகள் கிடைத்தன. பாதியில் விடப்பட்ட மணிகளும் கிடைத்தன என்பதால் அது மணி விற்ற ஊர் மட்டுமல்ல, மணி செய்த ஊர் என்று தெரிந்தது. நம் தச்சர்களிடம் துறப்பணம் இருந்தது. ஒரு மரத்தண்டு, அதன் நுனியில் இரும்பு அலகு, தண்டைச் சுற்றிய கயிறு. வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். தமரூசி என்ற சொல்லும் அகராதியில் உண்டு. தமர் என்றால் துளை. ஆனால் துறப்பணத்தில் அலகு மரத்துக்குள்ளேயே அறைந்து இறுக்கப்பட்டிருக்கும். வேறு அளவு ஓட்டை வேண்டுமானால் வேறு துறப்பணம் எடுக்க வேண்டும். ஒரே கருவியில் பல அளவு அலகை மாற்றி மாற்றி மாட்டலாம் என்ற எண்ணம் வந்தபோதுதான் பிடி என்பது தனிப் பிரச்சினையானது.

மோர்ஸ் அதற்கும் ஒரு விடை சொன்னார். பிட்டின் அடிப்பகுதியைச் சங்குபோல், ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் கூம்பாக்கினார். எந்திரத்திலும் அதே சரிவில் ஒரு குழி. பிட்டைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினால் கூம்பு குழிக்குள் சிக்கிக்கொள்ளும். உராய்வு மட்டுமே பிடி. எடுக்க வேண்டுமானால் பக்கவாட்டுத் துவாரத்தில் ஆப்பு போல் ஒரு டிரிஃப்ட்டைச் செருகி அடிக்க வேண்டும். குரோம்பேட்டையில் அப்பா பிறகு சொந்தமாக வைத்த பட்டறையிலும் தூண் டிரில்லிங் மெஷினில் இந்த மோர்ஸ் டேப்பர்தான் இருந்தது. ஆக, சாவியில்லாத பிடிதான் முதலில் வந்தது. சாவி பிறகு வந்த சொந்தக்காரன்.

*

அந்தச் சாவியின் பூர்வீகம் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரம். ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் அங்கே பட்டறையில் வேலை செய்தபோது, அன்றைய சக்குகளை ஸ்பேனர் போட்டு இறுக்கும்போது வழுக்கி விரல் முட்டியைக் கிழித்துக்கொண்டார் என்றும், அந்த எரிச்சலில்தான் புதுச் சக்கை யோசித்தார் என்றும் சொல்வார்கள். 1902-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் உலகம் முழுக்கச் சாவிச் சக் என்றாலே ஜேக்கப்ஸ் சக் என்கிறார்கள்.

அதன் உள்ளே நடப்பது எளிமையானது. சக்கின் உடம்பில் மூன்று சாய்வான துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தாடை. ஒவ்வொரு தாடையின் முதுகிலும் மரை. மூன்றையும் சேர்த்துச் சுற்றி வளைக்கும் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள்ளும் மரை. வெளி உறையின் அடியில் பற்கள். சாவியின் மூக்கை மூன்று குழிகளில் ஒன்றில் வைத்தால், சாவியின் பற்கள் உறையின் பற்களோடு கோத்துக்கொள்ளும். திருகினால் வளையம் சுழலும், தாடைகள் சாய்வில் இறங்கி நடுவில் கூடும். சாவிக்குக் குறுக்கே ஒரு கம்பி இருக்கிறதல்லவா, அதுவும் சின்னப் பல்லும் பெரிய பல்லும் சேர்ந்து, உங்கள் விரல் பலத்தைப் பல மடங்காக்கித் தாடைக்குக் கொடுக்கும். சாவியின் தொழில் இதுதான்: பலவீனமான கையைப் பலமான கையாக மாற்றுவது.

மின்சாரமும் அதே காலத்தில் டிரில்லுக்குள் நுழைந்தது. 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் நிறுவனம் கையில் பிடிக்கும் மின்சார டிரில்லைச் செய்தது. எடை ஏழரைக் கிலோ. 1914-இல் பால்டிமோரைச் சேர்ந்த பிளாக், டெக்கர் என்ற இருவர் துப்பாக்கிபோல் பிடியும் விசையும் வைத்து ஒரு டிரில்லுக்குக் காப்புரிமை கேட்டார்கள், 1917-இல் கிடைத்தது. இன்று உங்கள் வீட்டில் இருப்பதும் அந்தத் துப்பாக்கியின் பேரன்தான்.

நம் பக்கம் மின்சாரம் ரயிலாக வந்தது. 1931-இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. குரோம் லெதர் தொழிற்சாலை ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் கொடுத்தது. 1949-இல் அங்கேயே எம்.ஐ.டி. வந்தது. 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பட்டறைகள் முளைத்தன. லேத் ஒன்று, டிரில்லிங் மெஷின் ஒன்று, சாணைக்கல் ஒன்று, சுவரில் சாமி படம் ஒன்று. செம்பியத்தில் அடிசன் கம்பெனி செய்த பிட்டுகள் இந்தப் பட்டறைகளுக்கு அரிசி பருப்பு மாதிரி. எட்டு மில்லிமீட்டர் பிட் உடைந்தால் அப்பா "ஒரு அடிசன் எட்டு வாங்கிட்டு வா" என்பார். பிராண்டின் பெயரே பொருளின் பெயர்.

*

சாவிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது தன்னை மறக்கச் செய்யும்.

பிட்டை மாட்டுகிறோம், இறுக்குகிறோம், பக்கத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள், திரும்பிப் பதில் சொல்கிறோம், விசையை அழுத்துகிறோம். சாவி இன்னும் சக்கில் இருக்கிறது. தூண் டிரில்லிங் மெஷினில் இது நடந்தால் சாவி தோட்டாவாகிவிடும். அப்பா வேலை பார்த்த இடத்தில் ஓர் அண்ணனுக்கு நடந்தது. சாவி பறந்து வந்து கன்னத்து எலும்பில் பட்டது. கண்ணுக்கு அரை அங்குலம் கீழே. தழும்பை நான் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார். சிரிக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரிக்கும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் எந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று 21-ஆம் பிரிவில் சொன்னது. ஆனால் மின்சாரத்தோடு பத்துப் பேராவது வேலை செய்தால்தான் ஓர் இடம் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலை. அந்தப் பட்டறையில் ஏழு பேர். ஆக அது தொழிற்சாலை இல்லை. அங்கே நடந்தது தொழிற்சாலை விபத்தும் இல்லை. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். உரிமை இல்லாத இடத்தில் நல்ல மனுஷன்தான் சட்டம்.

அதற்குப் பிறகு அப்பா தன் கை டிரில்லின் சாவியை வயரில் கட்டினார். மெஷின் பக்கத்தில் கட்டவில்லை, மறுகோடியில், பிளக்குக்கு ஒரு ஜாண் தள்ளிக் கட்டினார். சின்ன வயதில் இது எனக்கு முட்டாள்தனமாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவை பிட் மாற்றவும் பிளக் வரை போக வேண்டுமே. கேட்டேன்.

"போவணும்னுதான்டா அங்க கட்டினேன்."

சாவியைச் சக்குக்குக் கொண்டுவர வேண்டுமானால் வயரின் மறுகோடியைக் கொண்டுவர வேண்டும். மறுகோடியைக் கொண்டுவர வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய மெஷின் ஓடாது. ஒரு சணல் கயிறு, ஒரு முடிச்சு. சட்டத்தின் 21-ஆம் பிரிவை அப்பா கயிற்றால் எழுதி வைத்திருந்தார். இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. பழைய பட்டறைகளில் பலரும் செய்ததுதான். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்கு மட்டும் எந்தக் காப்புரிமைப் பதிவும் கிடையாது.

*

சாவியை ஒழிக்க வேண்டும் என்று யோசித்தவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். 1932-இல் ஜெர்மனியில் யோசஃப் ஆல்ப்ரெக்ட் சாவியில்லாத துல்லியச் சக்கைக் கொண்டுவந்தார். அதன் தந்திரம் அழகானது. உள்ளே ஒரு திருகு, தாடைகளை ஒரு கூம்புக் கூட்டுக்குள் முன்னே தள்ளும். கையால் லேசாக இறுக்கினால் போதும். பிட் இரும்பைக் கடிக்கத் தொடங்கியதும், இரும்பு பிட்டை எதிர்த்துத் திருப்பப் பார்க்கும். அந்த எதிர்ப்பே திருகை இன்னும் முன்னே தள்ளி இறுக்கத்தைக் கூட்டும். வேலை எவ்வளவு கடினமோ, பிடி அவ்வளவு உறுதி. ஒரே ஒரு நிபந்தனை: எதிர்த்திசையில் ஓட்டக் கூடாது. ஓட்டினால் அதே தந்திரம் தலைகீழாகி, பிட்டைக் கைவிட்டுவிடும்.

அது விலையுயர்ந்த பொருள். கருவி செய்யும் கூடங்களில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. வீட்டு டிரில்லுக்குச் சாவியில்லாத சக் பரவலாக வந்தது 1980-களிலும் 90-களிலும். நான் நினைக்கும் காரணம் பேட்டரி. 1961-இல் பிளாக் அண்டு டெக்கர் வயரில்லாத டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வயர் போனால் சாவியை எங்கே கட்டுவது? பிளக்கே இல்லாத மெஷினில் அப்பாவின் முடிச்சுக்கு இடமில்லை. வயர் போன வீட்டில் சாவியும் தங்க முடியாது.

இந்தப் புதுச் சக்கின் உள்ளே ஆல்ப்ரெக்டின் தந்திரத்தைவிட ஜேக்கப்ஸின் எலும்புக்கூடுதான் அதிகம். அதே சாய்வுத் தாடைகள், அதே மரை வளையம். பல் வைத்த உறைக்குப் பதில் சொரசொரப்பான பிளாஸ்டிக் அல்லது உலோக உறை. நல்ல சக்கானால் வளையத்துக்கு அடியில் குண்டு மணிகள் உண்டு, இறுக்கும்போது உராய்வு குறைய. இறுகியதும் டிக் டிக் என்று பூட்டிக்கொள்ளும் ஒரு பல்சட்டமும் உண்டு, அதிர்வில் தளராமல் இருக்க. ஆரம்பத்தில் இரண்டு உறைகள். பின்னதை ஒரு கையால் பிடித்து முன்னதை மறு கையால் திருக வேண்டும். பிறகு மெஷின் நிற்கும்போது தண்டு தானே பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. ஓர் உறை, ஒரு கை.

இவ்வளவு வசதிக்கு விலை உண்டு. அதை எங்கள் பகுதி ஃபிளாட்டுகளில் மின்விசிறிக் கொக்கியும் ஃபால்ஸ் சீலிங்கும் மாட்டும் பையன்களிடம் கேளுங்கள். கூரையில் ஓட்டை போடும்போது மெஷின் அண்ணாந்து பார்க்கிறது. கான்கிரீட் தூள் நேராகத் தாடைகளின் இடுக்கில் கொட்டுகிறது. சுத்தியல் அதிர்வு அந்தத் தூளை உள்ளே அனுப்புகிறது, பிடியையும் தளர்த்துகிறது. வழவழப்பான உருண்டைத் தண்டு கொண்ட பிட் அந்த நேரத்தில் சுழலாமல் நிற்கும், சக் மட்டும் சுழலும். தண்டில் கோடு கோடாகக் கீறல் விழும். அந்தக் கீறல் தாடையையும் தேய்க்கும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வழுக்கும். கான்கிரீட்டுக்கென்றே 1975-இல் பாஷ் நிறுவனம் எஸ்.டி.எஸ். என்ற வேறு பிடியைக் கொண்டுவந்தது இதனால்தான். அதில் தாடை இறுக்கும் வேலையே இல்லை. காடி வெட்டிய தண்டு, செருகினால் டக் என்று உட்காரும், உள்ளேயே முன்னும் பின்னும் ஆடும். கூரை வேலையே உங்கள் பிழைப்பு என்றால் அதை வாங்குங்கள். சாவியில்லாத சக்கைத் திட்டாதீர்கள். அது வேறு வேலைக்குப் பிறந்தது.

*

சேற்றில் இறுகிப்போன என் சக்குக்கு வருகிறேன்.

அப்பா அதை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் வைத்தார். மரச் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டினார். உறையைச் சைக்கிள் டியூபால் சுற்றி, அதன் மேல் பைப் ரிஞ்சு போட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது. ஆனால் டிக் டிக் சத்தம் வரவில்லை. உள்ளே என்ன என்று பார்க்க வேண்டும் என்றேன். தன் பழைய சக்கை வைஸில் வைத்து, ஒரு குழாய்த் துண்டால் உறையைத் தள்ளிக் கழற்றிக் காட்டினார். மரை வளையம் இரண்டு பாதியாக வெளியே விழுந்தது. மூன்று தாடைகளிலும் 1, 2, 3 என்று எண் வெட்டியிருந்தது.

"மாத்திப் போட்டா?"

"மூக்கு கோணும். மூணும் ஒரே மாதிரி தெரியும். ஆனா மரை ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கும்."

என் சக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறை அழுத்தி மூடப்பட்டிருந்தது. திறக்க வழி வைத்துச் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை. "இத கழட்றதுக்கு செய்யல. மாத்தறதுக்குத்தான் செஞ்சிருக்கான்" என்று மேசையில் வைத்துவிட்டார்.

மாற்றுவதையாவது நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். தாடைகளை முழுக்கத் திறந்தால் உள்ளே அடியில் ஒரு திருகு தெரியும். வழக்கம்போல் இடப்பக்கம் திருகினேன். வரவில்லை. பலமாகத் திருகினேன். திருகின் தலை சிதைந்தது. அப்பா அன்றைக்குத்தான் வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தார். அது இடது மரைத் திருகு. வலப்பக்கம் திருகினால்தான் கழலும். எதிர்த்திசையில் ஓட்டும்போது சக் தண்டிலிருந்து கழன்று விழாமல் இருக்க அந்தத் திருகு காவல். அவருடைய பழைய மெஷினுக்கு எதிர்த்திசையே கிடையாது, ஆகவே திருகும் கிடையாது. திருகு போன பிறகு பெரிய ஆலன் கீயைத் தாடையில் கவ்வ வைத்து, அதன் கையில் மரச் சுத்தியலால் ஓர் அடி, இம்முறை இடப்பக்கமாக. சக் கழன்றது.

அன்று அவர் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். வேலை முடிந்ததும் மூக்கைத் தரையைப் பார்க்கப் பிடித்து, தாடைகளை முழுக்கத் திறந்து மூடி, தூளைத் தட்டிக் கொட்ட வேண்டும். பழைய டூத் பிரஷ் போதும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, தாடைக்கு ஒன்று. பிறகு துடைத்துவிட வேண்டும். கிரீஸ் கூடாது, எண்ணெயை ஊற்றவும் கூடாது. தூளும் எண்ணெயும் சேர்ந்தால் சாணைக் களிம்பு. கூரைக்குத் துளை போடும்போது பிட்டில் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில் மூடியைக் கோத்துக்கொண்டால் பாதித் தூள் அதில் நிற்கும். சாவிச் சக்கில் ஒரே குழியில் இறுக்காமல் மூன்று குழியிலும் சாவியைப் போட வேண்டும். சாவியில்லாத சக்கின் உறையைக் கையால் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி இறுக்குகிறார்களே, அது மட்டும் கூடவே கூடாது. "கை மெஷின சுத்தறவரைக்கும் சரி. மெஷின் கைய சுத்த ஆரம்பிச்சா நீ நிறுத்த முடியாது."

*

புதுச் சாவியில்லாத சக் ஒன்று வாங்கி மாட்டினேன். நன்றாகவே உழைத்தது. 2021-இல், தாம்பரம் மாநகராட்சி ஆன அதே வருடம், வீட்டுக்கு வண்ணம் அடித்தோம். சுவரில் கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்ட வேண்டும். நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் அப்பாவே ஆரம்பித்திருந்தார். பழைய மெஷினின் எடையைத் தூக்க முடியவில்லை என்று என் மெஷினை எடுத்திருந்தார். ஹாலில் உட்கார்ந்து உறையைத் திருகிக்கொண்டிருந்தார். இறுக்கினார், சுவரில் வைத்தார், பிட் வழுக்கியது. மறுபடி இறுக்கினார். வழுக்கியது. வாசலில் நான் நிற்பதைப் பார்க்கவில்லை. வலது கட்டைவிரலை இடது கையால் பிடித்து அமுக்கிவிட்டுக்கொண்டார். பிறகு மெஷினை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

நாற்பது வருடம் இரும்பை இறுக்கிய கை. கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

சாவியில்லாத சக்கில் சாவி இல்லை என்று நாம் நினைக்கிறோம். அது கைக்குள் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இருபத்தைந்து வயதுக் கையில் அது இருப்பதே தெரியாது. அறுபத்தைந்து வயதில் தொலைந்துபோகும். எந்தக் கடையிலும் அதற்கு டூப்ளிகேட் கிடைக்காது. அப்பா சாவியை விடாமல் பிடித்திருந்ததைப் பழைய ஆளின் பிடிவாதம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். வெள்ளத்துக்குப் பிந்தைய அந்தக் காலையிலேயே அவருக்குத் தன் விரலைப் பற்றித் தெரிந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை பாரிமுனைக்குப் போனேன். லிங்கிச் செட்டித் தெருவில் சாவிச் சக் ஒன்று வேண்டும் என்றேன். "தண்டு மரை என்ன?" என்றார் கடைக்காரர். பார்த்து வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்: அரை அங்குலம், அங்குலத்துக்கு இருபது மரை. பதின்மூன்று மில்லிமீட்டர் டிரில்கள் பலவற்றில் இதுதான். சின்ன மெஷின்களில் பெரும்பாலும் எட்டில் மூன்று அங்குலம், இருபத்து நான்கு மரை. புதிய மெஷினோ பழைய மெஷினோ, மரை ஒத்துப்போனால் சக் ஒத்துப்போகும். நூறு வருடச் சண்டைக்கு அந்த ஒரு மரை நடுநிலை.

வீட்டுக்கு வந்து இடது மரைத் திருகை வலப்பக்கம் திருகினேன். இந்தத் தடவை தலை சிதையவில்லை. சாவியில்லாத சக்கைக் கழற்றி, சாவிச் சக்கை மாட்டி, அப்பாவிடம் கொடுத்தேன். இலகுவான மெஷின், பலமான பிடி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று குழியிலும் சாவியைப் போட்டு இறுக்கினார். இரண்டு விரல் போதுமாக இருந்தது. பிறகு வயரைக் கையில் எடுத்து, மறுகோடி வரை உருவிக்கொண்டே போனார்.

"சணல் எங்கடா இருக்கு?" என்றார்.